வியாழக்கிழமை எழுப்பாத கம்ப்யூட்டர்

மகளின் லேப்டாப் ஆமையாக ஊர்கிறது என்று போன வாரம் டெல்லி ஜனக்புரியில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். மெமரியைக் கூட்டிப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும் என்பது என் எண்ணம். பழைய சர்வீஸ் இன்ஜினியர் இல்லையா, அந்தத் திமிர் ரிட்டயர் ஆகியும் போகவில்லை. கடைக்காரர் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள்ஜி, இஸ்மே குச் நஹி ஹோகா. நயா லே லோ" என்றார். மெமரியை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்களாம். கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது, புதிதாக வாங்கிக்கொள் என்கிறார். மூடி திறந்திருந்த அந்த இரண்டு நிமிஷத்தில் சூடான தூசியும் ஈயப் பற்றும் கலந்த ஒரு வாசனை வந்தது. அதையே முகர்ந்துகொண்டு நின்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எங்கள் காலத்து மெமரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கறுப்பு உடம்பும் பக்கத்துக்கு எட்டுக் காலுமாக மரவட்டை போல இருக்கும். வரிசைக்கு ஒன்பது. ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிக் குழிகளில் உட்காரவைக்க வேண்டும். ஒரு கால் மடங்கினாலும் போச்சு, மெஷின் எழுந்திருக்காது. எண்பதுகளின் கடைசியில் நான் டெல்லிக்கு வந்தபோது இதுதான் என் பிழைப்பு. நேரு பிளேசில் ஒரு சின்னக் கம்பெனி. கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் பை, மெட்ராசில் கொடுத்த மூன்று மாதப் பயிற்சி, உடம்பில் பஞ்சாபிக் கடையில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர். தங்கல் லாஜ்பத் நகரில் ஒரு பர்சாத்தி, அதாவது மொட்டைமாடியில் ஒற்றை அறை.

நான் தூத்துக்குடிக்காரன். உப்புக்காற்றிலேயே வளர்ந்த உடம்பு. டெல்லிக் குளிரைப் பற்றி எல்லாரும் சொல்லியனுப்பினார்கள், அங்கே காற்று எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜனவரியில் ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி பறந்தது. கதவுப் பிடியைத் தொட்டால் சுளீர் என்றது. என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து அம்மாவுக்கு எழுதினேன். அம்மா தபாலில் திருநீறு அனுப்பினாள். அதையும் பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

குளிரைவிடப் பெரிய கஷ்டம் வேறு. பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயே திறக்காமல் போய்விடும். திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குரல் கரகரத்து வரும். அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது, ரிப்பேர் பார்க்கும் மெஷினோடு தமிழில் பேசுவது. அதுதான் மறுபேச்சுப் பேசாமல் கேட்டது.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை மந்திர் மார்க் பக்கம் ஓர் அரசு அலுவலக நூலகத்தில், மெமரி கூட்டிப் போட்ட பிறகு எழுந்திருக்க மறுத்த ஒரு கம்ப்யூட்டரிடம், "எந்திரில ராசா, மானத்த வாங்காத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "தம்பிக்கு எந்த ஊரு?"

திரும்பிப் பார்த்தால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. சேலைமேல் சால்வை, காலில் கம்பளிச் சாக்ஸ். "தூத்துக்குடி மேடம்" என்றேன்.

"மேடம் என்ன மேடம். நான் மதுரைதான், அக்கான்னே கூப்பிடுங்க."

சுந்தரி அக்கா அந்த நூலகத்தில் அசிஸ்டென்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்தார், அம்மா காலமாகி இரண்டு வருஷம், இப்போது தனியாக. ஒரு வருஷமாக நூலகத்துப் புத்தகங்களின் பட்டியலை ஒற்றை ஆளாக அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அலமாரி அலமாரியாக இருந்த கார்டுகளில் முக்கால்வாசி ஏறிவிட்டது. பட்டியல் பெருத்ததும் இருக்கிற மெமரி போதவில்லை என்று மெஷின் முரண்டு பிடிக்க, எழுதிப் போராடி கூடுதல் மெமரி வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெரிய அதிகாரி வந்து பார்ப்பதாக இருந்தது. பட்டியல் ஓடினால் மெஷின் நூலகத்திலேயே இருக்கும். ஓடாவிட்டால் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும், அவர்கள் ஏற்கெனவே அதன்மேல் கண் வைத்திருந்தார்கள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கம்ப்யூட்டர் இருக்கும் அறை என்றால் கர்ப்பக்கிரகம். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். தரை முழுக்க நைலான் கார்ப்பெட். ஊரே ஹீட்டர் முன்னால் கை காய்ச்சும் ஜனவரியில் உள்ளே ஏசி ஓடும், மெஷினுக்குச் சூடு ஆகாதாம். மானிட்டர் நெற்றியில் அக்கா வைத்த குங்குமப் பொட்டு. நானும் பக்தியோடு ஷூவைக் கழற்றிவிட்டுச் சாக்ஸ் காலால் தேய்த்துத் தேய்த்து நடந்தேன்.

ஸ்விட்சைப் போட்டால் மெஷின் தன் மெமரியை எண்ணும், திரையில் எண்கள் ஓடும். அறுநூற்று நாற்பது வரை ஓட வேண்டியது ஐந்நூற்றுச் சொச்சத்தில் நின்று ஒரு கீச்சு. அவ்வளவுதான். செவ்வாய் முழுக்க போர்டில் இருந்த குட்டி சுவிட்சுகளை மாற்றிப் பார்த்தேன். புதன்கிழமை ஒவ்வொரு சிப்பாகப் பிடுங்கி இடம் மாற்றி, அணைத்து, போட்டு, மதியத்துக்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். கடைசி வரிசையில் ஒன்று செத்திருந்தது. ஒரே ஒரு சிப் போதும், எங்கள் ஆபீசில் இருந்தது.

ஆனால் அக்காவிடம் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த மூன்று நாளும் மதியம் ஒரு மணிக்கு அக்கா டிபன் கேரியரைத் திறந்தார். முதல் நாள் தன் சாப்பாட்டைப் பாதியாகப் பிரித்தார், மறுநாளிலிருந்து எனக்கென்று தனி அடுக்கு. சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. டெல்லி முருங்கைக்காய் ஏன் ருசிப்பதில்லை, மதுரை வெயில் பெரிதா தூத்துக்குடி வெயில் பெரிதா, இதுதான். புதன்கிழமை கை கழுவும்போது, "நாளைக்கு வத்தக்குழம்பு வச்சுக் கொண்டாரேன் தம்பி" என்றார். மெஷின் எழுந்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை?

வியாழக்கிழமை புது சிப்பைப் பஞ்சு வைத்த ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போனேன். நாள் முழுக்க ஸ்க்ரூடிரைவரால் பாவலா காட்டினேன். வத்தக்குழம்பு சாப்பிட்டேன். "என்ன தம்பி, நாளைக்குள்ள எந்திரிச்சிருமா?" என்று சாயங்காலம் அக்கா கேட்டபோது, "காலைல வந்து முடிச்சிருதேன்க்கா" என்றேன். பத்து நிமிஷ வேலை. பத்து மணிக்குப் போட்டு, பதினொரு மணிக்கு அதிகாரி முன்னால் ஓடவிட்டு, கதாநாயகனாக விடைபெறலாம் என்று திட்டம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஷூவைக் கழற்றினேன், கார்ப்பெட்டில் நடந்தேன், டப்பாவைத் திறந்து சிப்பைக் குழியில் வைக்கக் குனிந்தேன். விரல் நுனியில் சுளீர் என்றது. மெல்லிய நீலப் பொறி ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். வழக்கம்தானே என்று அமுக்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். இந்தத் தடவை எண்கூட ஓடவில்லை. புது மெமரி முழுவதையும் பிடுங்கிவிட்டு பழைய நிலைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். இருட்டுத் திரை. போர்டே போய்விட்டது.

கம்பளியும் நைலானும் காய்ந்த காற்றும் சேர்ந்தால் மனுஷ உடம்பே மின்சாரம் ஆகிவிடும், சிப்பைத் தொடுமுன் இரும்பைத் தொட்டு அதை இறக்க வேண்டும் என்று வடக்கே பிறந்த இன்ஜினியர்களுக்குத் தெரிந்திருந்தது. மெட்ராசில் வியர்க்க வியர்க்கப் பயின்ற எனக்கு யாரும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு கையேட்டில் படித்தபோதுதான் புரிந்தது. முதல் சிப்பையும் கொன்றவன் நானாகத்தான் இருப்பேன். வியாழனன்றே இது நடந்திருந்தால் ஆபீசிலிருந்து வேறு போர்டு கொண்டுவர ஒரு பகல் முழுக்க இருந்தது. வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரு மணி நேரம்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். மூன்று நிமிஷம் நின்றார். "அச்சா, அச்சா" என்று சொல்லிவிட்டுப் போனார். மதியத்துக்குள் கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்து மேஜையை அளந்துகொண்டு போய்விட்டார்.

பையைக் கட்டிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். "சாப்ட்டுட்டுப் போங்க தம்பி" என்றார் அக்கா. இரண்டு கவளத்துக்குப் பிறகு, "அக்கா, என்னாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி" என்றார் அவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "நேத்து நீங்க குனியையில பையிலருந்து டப்பா விழுந்து தொறந்துக்கிச்சுல்ல, உள்ள இருந்த சிப்ப அப்பவே பாத்தேன். கேட்டிருந்தா போட்ருப்பீங்க. நானும்தான் கேக்கல."

அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷ உழைப்பு, மீதி சர்வீஸ் முழுக்கக் கார்டு எழுதும் விதி, இவ்வளவையும் அவர் ஒரு மதியச் சாப்பாட்டுத் துணைக்குப் பந்தயம் வைத்திருந்தார். என்னைப் போலவே.

அதற்குப் பிறகும் அதே டெல்லியில்தான் இருந்தேன். நான்கைந்து வருஷத்தில் மந்திர் மார்க் வழியாகப் பலமுறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருதடவைகூட இறங்கவில்லை. கோபம் வெட்கம் என்றெல்லாம் சொல்லலாம், ஆனால் உண்மை அதைவிட அற்பமானது. எழுதிக் கொடுத்த கம்ப்ளெயின்ட் இல்லாமல் ஓர் ஆபீசுக்குள் எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவரைச் சும்மா பார்க்கப் போகலாம் என்று அந்த வயதில் தோன்றவே இல்லை. கடைசியில் தோன்றிப் போனபோது நூலகம் இருந்த அறையில் நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். வாசலில் இருந்தவரிடம் சுந்தரி மேடம் என்று கேட்டேன்.

"கவுன் சுந்தரி?" என்றார். யார் சுந்தரி?