சிப்பாய் மேல் விழாத பனி

மூன்றாம் கிளாஸ் தாண்டாதவன் நான். காவிரியில் மணல் அள்ளிப் பிழைத்தவன், ஸ்ரீரங்கத்தில் அரிசி மில் வைத்தேன். பாலக்கரையில் நாடகக் கொட்டகை கட்டினேன். இவனால் ஆகுமா என்று சிரித்தவர்களே பிறகு என்னிடம் ஓசி பாஸ் கேட்டு நின்றார்கள்.

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம் எல்லைச் சிப்பாய் நாடகம் போட்டோம். அதில் பனி கொட்டுவதற்கென்று ஒருவர் வந்தார். ஒட்டிய கன்னம், இமையெல்லாம் பஞ்சு. இலவம்பஞ்சைப் பிய்த்து, மெல்லிய காகிதத்தை நறுக்கிக் கலந்து, பொத்தல் போட்ட வேட்டியில் கட்டி, மேடைக்கு மேலே உட்கார்ந்து தூளி போல ஆட்டுவார். அதற்கு முன் ஒரு சிட்டிகையை உதறி, அது தரைக்கு வரும்வரை மூச்சை அடக்கிப் பார்ப்பார்.

கடைசிக் காட்சியில் செத்த சிப்பாயைப் பனி மூட வேண்டும். முதல் நாள் மேடையெங்கும் கொட்டியது, அவன் மேல் மட்டும் இல்லை. ஜனம் கூச்சல் போட்டது. ஆளை மாற்றிவிடும் கோபத்தில் போனேன்.

"ஏன்யா, தூங்கிட்டீரா?"

"முகத்துல விழுந்தா மூச்சு முட்டுங்களே, முதலாளி."

"அவன் நடிக்கிறான்யா."

"என் பையன் அந்தச் சண்டையிலதாங்க இருந்தான். பனியில தேடியும் ஆள் கிடைக்கலேன்னு கடுதாசி வந்துச்சு."

மறுநாள் மேடையோரம் பெரிய கரண்டுக் காற்றாடியை வைத்தேன். பஞ்செல்லாம் சிப்பாயை விட்டு விலகிப் பறந்தது. பனிப்புயல் என்று ஜனம் கை தட்டியது. அன்றைக்கு அவர் பயமில்லாமல் தூளியை ஆட்டினார்.

பனிக்குப் பெயர் அவருக்கே போகட்டும். ஆனால் அந்த நாடகத்தைப் பற்றி எவர் எழுதினாலும், காற்றாடி வைத்தவன் நான் என்று எழுத வேண்டும்.