ஹைப்ரிட் காருக்குக் கிலோமீட்டர் தேவை

இன்று காலை தாம்பரத்தில் ஒரு கார் ஷோரூமுக்குள் பேரரசன் மாதிரி நுழைந்தேன். மூன்று மாதமாக நான் பார்த்த கார் வீடியோக்களை வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

பெட்ரோலா, எலெக்ட்ரிக்கா, இரண்டும் கலந்த ஹைப்ரிட்டா? என் தீர்ப்பு ஹைப்ரிட்.

உடன் வந்தவர் என் மனைவி ஸ்டெல்லா, ரிடையர்டு கணக்கு டீச்சர். அங்கேதான் தப்பு பண்ணிவிட்டேன்.

ஷோரூம் பெண் கேட்டது, "சார், வண்டி மாசம் எவ்ளோ கிலோமீட்டர் ஓடும்?"

"அதுக்குக் கணக்கே இல்லம்மா. என் வண்டி ஒரு நாள் நின்னா ஜிஎஸ்டி ரோடே வெறிச்சோடிப் போயிடும்."

ஸ்டெல்லா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஞாயித்துக்கிழமை சர்ச். வெள்ளிக்கிழமை இதோ பக்கத்துல பல்லாவரம் சந்தை. மழை பெஞ்சா சந்தையும் கிடையாது."

அந்தப் பெண் பாவம், நல்ல பெண். "அப்போ பெட்ரோல் வண்டியே போதும் சார். நிறைய ஓட்டினாதான் ஹைப்ரிட்டுக்குக் கூடக் குடுக்குற காசு திரும்ப வரும்."

என் சாம்ராஜ்யம் அங்கேயே சரிந்தது.

ஆனால் டீச்சருக்கும் கொஞ்சம் இரக்கம் உண்டு. "இந்த ஒரு மாசம் பழைய வண்டியில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுங்க. ஹைப்ரிட்டே வாங்கிடலாம்." வீட்டுக்கு வந்ததும் மீட்டரை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆகவே நண்பர்களே, நாவலூர் ஆபீசோ, ஏர்போர்ட்டோ, மாமியார் வீடோ, எங்கே போகணும் என்று கமெண்டில் சொல்லுங்கள். இலவசமாகக் கொண்டுபோய் விடுகிறேன்.

பல்லாவரம் வரைக்கும்தான் என்பவர்கள் தயவுசெய்து ரயிலில் போகவும்.