பதின்மூன்றாவது நாற்காலி

1. படிவம்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒன்றில் இருபத்தாறு வருஷம் உபதேசியாராக இருந்தேன். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, பூசைக்கு ஆட்களை ஏற்பாடு செய்வது, மைக்கில் அறிவிப்பது எல்லாம் என் பொறுப்பு. மைக் என்றால் எனக்கு ஆசை கொஞ்சம் ஜாஸ்தி என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது, புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒரு படிவத்தைக் கொடுத்தார். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களின் பெயர், ஊர், காரணம் என்று மூன்று கட்டங்கள்.

"வூடு வூடாப் போய்க் கேளுங்க உபதேசியாரே. பெரிய வியாழனுக்குள்ள நாலு பேரயாவது திரும்பக் கூட்டிக்கினு வரணும்" என்றார்.

என் பங்கு ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாததா? போவதற்கு முன்பே உட்கார்ந்து காரணக் கட்டத்தை முழுக்க நிரப்பிவிட்டேன். குடி, மாமியார் சண்டை, தேர் தூக்கும் தகராறு. கொத்தனார் சவரிமுத்துவுக்கு நேராக 'அசட்டை' என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வந்திருந்தது.

2. டீக்கடை

கள்ளக்குறிச்சியில் ஒருவர், "ஞாயித்துக்கெழம கறிக்கடையில அம்மாங் கூட்டம். வாங்கிக்கினு வர்றதுக்குள்ள பூச முடிஞ்சிடுதுங்க" என்றார். சின்னசேலத்தில் ஓர் அம்மா, நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தட்டில் ஒரு பணியாரம் வைத்து, பேசவே விடாமல் அனுப்பிவிட்டார்.

சவரிமுத்து மலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. பஸ் பிடித்துப் போனேன். கரியாலூரில், அருவிக்குப் போகும் வழியில் டீக்கடை போட்டிருந்தான். பெஞ்சு முழுக்க சுற்றுலா வந்தவர்கள். நானும் ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தான். "எயுந்திருங்க உபதேசியாரே. கணக்குல ஒண்ணு ஜாஸ்தி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் எழுந்துவிட்டேன். அதன் பிறகுதான் அது என்னுடைய வார்த்தை என்று உறைத்தது.

ஏழு வருஷத்துக்கு முந்தைய பெரிய வியாழன். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக, அன்று சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவது எங்கள் வழக்கம். ஆள் சொல்வது என் வேலை. நான் எண்ணிக்கை பிசகி பதின்மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு சவரிமுத்துவைக் கடைசியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பார்த்துவிட்டு, "நீ எயுந்திரு, கணக்குல ஒண்ணு ஜாஸ்தி" என்றேன். கையில் மைக் இருந்தது, ஆனில் இருந்தது. கோயிலே சிரித்தது.

"சிமெண்டுல வெடிச்ச காலு" என்றான் சவரிமுத்து. "ஒரு வாரம் செங்கல்லு வச்சித் தேச்சி, தேங்கா எண்ண தடவிக்கினு வந்தேன். சாமியாரு கையி பட்டா மீதி வெடிப்பும் மூடிடும்னு எங்கூட்டுக்காரி சொன்னா."

"மன்னிச்சிடுப்பா" என்றேன்.

"இங்க சொன்னா யாருக்குக் கேக்கும்? மைக்குல எயுப்புனீங்க, மைக்குல ஒக்கார வைங்க. வர்றேன்" என்று சொல்லி டீயை நீட்டினான். நின்றபடியே குடித்தேன்.

3. பெரிய வியாழன்

சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருப்பலிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு பேருன்னு இதுல எங்கியுமே போடலயே" என்றார். அத்தனை வருஷம் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணியவன் ஒரு நாளாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கலாம்.

பதின்மூன்று நாற்காலி போட்டேன். பன்னிரண்டு நிறைந்தது. பிரசங்கம் முடியப்போகிறது, கடைசி நாற்காலி மட்டும் காலி. மலை பஸ் தாமதமா, மனசு மாறிவிட்டானா என்று தெரியவில்லை. அவன் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். வந்துவிட்டால் இத்தனை பேர் முன்னால் பேச வேண்டுமே என்ற பயம் இன்னொரு பக்கம். ஆசை ஆசையாகப் பிடித்த மைக் அன்று கையில் வழுக்கியது.

வாசல் பக்கம் பார்த்தால், சவரிமுத்து நின்றுகொண்டிருக்கிறான். உள்ளே வரவில்லை. என்னையே பார்க்கிறான்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "சவரிமுத்து, ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல உன்ன எயுப்புனது நான். தப்பு என்னுது. வந்து ஒக்காருப்பா."

சவரிமுத்து நடந்து வந்து உட்கார்ந்தான். இந்த முறை எண்ணெயும் இல்லை, செங்கல்லும் இல்லை. வெடித்த கால் வெடித்தபடியே இருந்தது. சாமியார் குனிந்து தண்ணீர் ஊற்றும்போது அவன் என் பக்கம் சாய்ந்து, "எண்ணிப் பாத்துக்கினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

மைக் ஆனில் இருந்தது. கோயிலே சிரித்தது. நானும்தான்.

மறுநாள் படிவத்தில் 'அசட்டை' என்பதை அடித்துவிட்டு 'உபதேசியார்' என்று எழுதிச் சாமியாரிடம் கொடுத்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காரணக் கட்டத்தைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போங்கள். அதில் எழுத வேண்டியது உங்கள் பெயராகவும் இருக்கலாம்.