மண் கரையில் நட்ட செங்கல்

பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். வேலைக்கு இடைஞ்சல் வராமலிருக்க, தற்காலிகமாக ஒரு மண் கரை போட்டுத் தண்ணீரை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். எங்கள் வாய்க்காலின் தலைமதகோ இந்தப் பக்கம். ஆற்றில் தண்ணீர் வந்ததும் கரையை வெட்டிவிடுவதாக இன்ஜினியர் சொல்லியிருந்தார். அவரை நம்பி, குளத்தில் மிச்சமிருந்ததை இறைத்துக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தேன். குளமும் வற்றியது. நாற்று பழுக்க ஆரம்பித்தது.

ஒருவழியாகப் புதுத் தண்ணீர் வந்தது. வந்தால் கும்பிட வேண்டும். படித்துறையைத்தான் வேலைக்காக அடைத்துவிட்டார்களே! என் வீட்டுக்காரரும் இன்னும் நாலு பேரும் அந்த மண் கரையிலேயே ஒரு செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் காட்டிவிட்டு வந்தார்கள். செங்கல்லும் அணைக்கு இறக்கியதுதான். வெட்டப்போகிற கரையில் சாமியை நடுவார்களா யாராவது? எங்கள் ஊர்க்காரர்கள் நடுவார்கள்.

மறுநாள் பொக்லைன் வந்தது. ஓட்டுநர் செங்கல்லைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"சாமி இருக்கிற இடத்தில நான் வெட்ட மாட்டேங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டார். "நான் தொட்டா ஊரே சண்டைக்கு வரும். நீங்களே எடுத்துக் குடுங்க."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "வச்சவன் எடுக்கக் கூடாது. பூசாரிதான் எடுக்கணும்" என்றார்.

பூசாரி நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனையும் எடுக்கவில்லை. அத்தனை ஆம்பிளைகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்காக நிற்கிறார்கள். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது, இந்தப் பக்கம் என் நாற்று சாகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விறுவிறுவென்று கரைமேல் ஏறினேன். "தாயி, கொஞ்சம் தள்ளி உக்காரு. என் வயலுக்குத் தண்ணி வேணும்" என்று சொல்லிச் செங்கல்லைப் பிடுங்கி, அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். நான் நிமிர்வதற்குள் பொக்லைன் உறுமியது.

சாயங்காலம் வயலில் தண்ணீர் ஏறியது. நாற்று பிழைத்தது.

இப்போது அணையில் மின்சாரம் எடுக்கிறார்கள். அரசமரத்தடிச் செங்கல்லுக்குத் தகரக் கொட்டகை, விடிய விடிய எரிகிற பல்பு எல்லாம் வந்துவிட்டன. வருஷா வருஷம் சாமியை வைத்தவர் என்று என் வீட்டுக்காரருக்குத்தான் முதல் மரியாதை, பரிவட்டம்.

அந்தக் குறுவையில் வயலின் ஒரு மூலையில் மட்டும் புகையான் பூச்சி விழுந்து பயிர் கருகியது. அறுவடை முடிந்து ஒரு நாள் வீட்டுக்காரர் சாப்பிடும்போது, "அன்னைக்கு நீ சாமிமேல கைய வச்சல்ல, அதான்" என்றார்.

இலையில் இருந்தது அந்த வயலில் விளைந்த சோறு. குழம்பு ஊற்றாமல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.