பாதி ஷூ

ஷூவுக்குத் தோல் வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைந்து கொடுப்பது என் தொழில். நிரந்தர வேலை இல்லை. ஆர்டர் வந்தால் கம்பெனிகள் கூப்பிடும். இந்த வருஷம் ஏற்றுமதி படுத்துவிட, யாரும் கூப்பிடவில்லை. மாதக்கணக்கில் நானும் யாரையும் கூப்பிடாமல் அறையிலேயே கிடந்தேன். பிறகு ஆம்பூரில் பதினோரு கம்பெனிகளைப் பட்டியல் போட்டு ஏறி இறங்கினேன். பதினோராவதில் வாட்ச்மேன், "புது மாடல் ஒண்ணு வந்திருக்கு. மேனேஜர் நாளைக்குத்தான் வருவாரு" என்றார்.

அன்று மாலை, அதே தொழில் செய்யும் பர்வீன் அக்கா போனில் கேட்டார்: "எங்கனா வேலை இருக்குதாம்மா?"

"எங்கயும் இல்லக்கா."

மறுநாள் போனபோது மேனேஜர் சலித்துக்கொண்டார். "காலையில கேட் தொறக்கும்போதே பர்வீன் வந்து வேலைய வாங்கிடுச்சு. ஆனா மேல்தோல் மட்டும்தான் வரையுமாம், உள் லைனிங்க உனக்குக் குடுக்கணுமாம். ஒரே ஆள் பண்ற வேலை. இன்னா பேஜாரு பாரு."

லைனிங் வரைய மேல்தோலின் அளவு வேண்டும். அக்காவைக் கூப்பிட்டு, நேற்று நான் சொன்னது பொய் என்று முதலில் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்மா. நீ வந்துட்டுப் போனத வாட்ச்மேன் சொன்னாரு. அளவு அனுப்பிட்டேன், சரியா வந்துச்சா பாரு."

அத்தனை மாதங்களும் அறையில் தனியாக இருந்தது வேலை இல்லாததால்தான் என்று நினைத்திருந்தேன்.