ஒத்தை ஆளு காத்தாடி

“கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காரு.”

நடுத்தண்ணீரில் வைத்து ஒரு கணவன் தன் மனைவியிடம் சொல்லவே கூடாத வாக்கியம் இது. என் கணவர் சொன்னார். போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

தள்ளி உட்கார்ந்தேன். படகின் மூக்கு இறங்கவில்லை. வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. பின்னால் மோட்டார் முக்கியது, முனகியது, தண்ணீரைக் கலக்கியது. படகு நகர்ந்தது என்று சொல்லலாம். ஓடியது என்று சொன்னால் பொய்.

“இன்னும் கொஞ்சம்...”

“இதுக்கு மேல தள்ளுனா தண்ணியிலதான் உக்காரணும்!”

அவர் மோட்டாரைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வை இருக்கிறதே... அதற்கு எந்தப் பெண்ணுக்கும் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருப்பேன். பத்திரிகையில் இந்தப் பத்திக்கு மேலே போடுகிற என் போட்டோ பழையது. நம்ப வேண்டாம்.

படகா? தேனியிலா? என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

என் கணவர் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளில் மேற்பார்வையாளராக இருந்தவர். காற்றாலை என்பதெல்லாம் எழுத்தில்தான். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் காத்தாடி. வைகாசியில் காற்று எழும்பினால் புரட்டாசி வரை மனிதரை வீட்டில் பார்க்க முடியாது. காற்று அடிக்கும்போது ஒரு காத்தாடி நின்றுவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம். அதனால் சைட்டிலேயே சாப்பாடு, சைட்டிலேயே தூக்கம். நான் தேனி அல்லிநகரத்தில் டீச்சர் வேலை, பிள்ளை, பால்காரர் என்று இருந்தேன். அவர் விருந்தாளி மாதிரி வருவார். வந்தால் கறி எடுப்போம். அதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. குறையாகச் சொல்லவில்லை. அப்படி அமைந்தது, அவ்வளவுதான்.

அவருக்குப் பணி ஓய்வு வந்தது. எனக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. மகள் பெங்களூரில் செட்டில் ஆகிவிட்டாள். சரி, இனிமேலாவது மனிதர் வீட்டில் இருப்பார், சேர்ந்து உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று நினைத்தேன். ஆசைப்பட்டேன் என்றே சொல்லிவிடுகிறேனே... இந்த வயதில் என்ன வெட்கம்?

அவர் படகு வாங்கினார்.

சாதாரணப் படகு இல்லை. ‘பாஸ் போட்’. பாஸ் என்பது அமெரிக்காவில் ஒரு மீனாம். அதைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தட்டையாக, தாழ்வாக, வேகமாகப் போகிற மாதிரி செய்த படகாம். நம் பக்கத்தில் அந்த மீனே கிடையாது. கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும்தான். அவை யாரும் துரத்துகிற அளவுக்கு ஓடுவதும் இல்லை! ஆனாலும் மனிதர் மாதக்கணக்கில் வீடியோ பார்த்தார். கேரளாவில் ஒரு ரிசார்ட்டில் பழைய படகு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, மோட்டாரோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மீன் குத்தகை எடுத்திருக்கும் ஒரு நண்பர் முறைப்படி அனுமதி வாங்கித் தந்தார். எந்த நீர்த்தேக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். எழுதினால் அடுத்த வாரமே அங்கே பஜ்ஜிக் கடை வந்துவிடும்.

ஞாயிறுதோறும் கிளம்பிப் போவார். தனியாக. வெயில் ஏறியதும் திரும்பி வருவார். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும்தான் நிற்கும்.

எத்தனை ஞாயிறுதான் பார்த்துக்கொண்டிருப்பது? “நானும் வர்றேன்” என்றேன். “நீயா?” என்றார். “ஏன், நான் மெதக்க மாட்டேனா?” என்றேன். இட்லியைக் கட்டிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். அதற்கப்புறம் நடந்ததுதான் மேலே சொன்னது.

ஒரு வழியாகக் கரைக்கு வந்தோம். “நான் எறங்கிக்கிறேன்” என்றேன்.

“மோட்டார்ல கோளாறான்னு ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துர்றேன். நீ இங்கனயே நில்லு” என்றார்.

என்னை இறக்கிவிட்டதும் அந்தப் படகு போன வேகம் இருக்கிறதே! மூக்கு சட்டென்று இறங்கியது. தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு பறந்தது. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாக இருந்தது. நான் இல்லாமல் அவ்வளவு அழகாக இருந்தது என்பதுதான் வலித்தது. கையில் டிபன் பாக்ஸோடு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் திரும்பும்போது கேட்டுவிட்டேன். “இத்தனை வருஷம் உங்களக் காத்துக்குக் குடுத்தேன். இப்ப தண்ணிக்கும் குடுக்கணுமாக்கும்?”

மூன்று நாள் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வியாழக்கிழமை காலையில், காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “கூடலூர் வரைக்கும் போகணும். வர்றியா?” என்றார்.

எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சைத் தொடங்கியது நானாகிவிடுமே! சேலையை மாற்றிக்கொண்டு காரில் ஏறினேன். வழியில் கம்பத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பன்னீர் திராட்சை வாங்கி என் மடியில் வைத்தார். அதற்கும் நான் பேசவில்லை. திராட்சையை மட்டும் சாப்பிட்டேன்.

கம்பத்தைத் தாண்டி, குமுளி மலை அடிவாரத்துக் கூடலூரில் காஜா அண்ணனின் கடை. ஜீப் ஸ்பேர்ஸ் வியாபாரம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் படகு வைத்திருப்பவர்களுக்கும் மோட்டார் சாமான் வரவழைத்துக் கொடுப்பார். வாய் ஓயாத மனிதர். வாடிக்கையாளர் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார். என் கணவர் புதிதாகப் போட்டிருந்த ப்ரொப்பெல்லரும் அவரிடம் போனில் சொல்லி வாங்கியதுதான். படகோடு வந்த பழசு பாறையில் இடித்து, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்ததாம்.

ப்ரொப்பெல்லருக்கும் அவர்கள் இரண்டு பேரும் சொல்கிற பெயர் காத்தாடிதான். ஆகாயத்தில் சுற்றினாலும் காத்தாடி, தண்ணீருக்குள் சுற்றினாலும் காத்தாடி!

“மோட்டார் இழுக்கல பாய். எவ்வளவு திருகுனாலும் ஆர்.பி.எம். முள்ளு பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது” என்றார் என் கணவர்.

“எப்பவுமேவா சார்?”

“இல்ல... ஒத்தையில போனா நல்லாத்தான் போகுது.”

நான் விடவில்லை. “நான் ஏறுனாத்தாண்ணே இழுக்கல. நீங்களே சொல்லுங்க, கோளாறு மோட்டார்லயா, எங்கிட்டயா?”

காஜா அண்ணன் சிரித்துவிட்டார். “ரெண்டு பேருகிட்டயும் இல்ல டீச்சர். காத்தாடியில இருக்கு. அந்தா போகுது பாருங்க...”

வாசலில் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள். உள்ளே இடமில்லாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டும் ஆள் நின்றது.

“அத டாப் கியர்ல குமுளி மல ஏத்தச் சொல்லுங்க பாப்பம்?”

“லோயர் கேம்ப் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் நின்னுரும்” என்றேன்.

“அதேதான்! சார் மாட்டிருக்கது டாப் கியர் காத்தாடி. வேகத்துக்கு நல்லது, செமை ஏத்துனா இழுக்காது.”

விளக்கியும் சொன்னார். எனக்குப் புரிந்த வரைக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். படகு வாங்கப் போகும் வாசகர் ஒருவராவது இருக்க மாட்டாரா? ப்ரொப்பெல்லரில் ‘பிட்ச்’ என்று ஒன்று உண்டு. மரத்தில் ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு உள்ளே போகும் இல்லையா? அது மாதிரி, ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் எவ்வளவு முன்னே போகப் பார்க்கும் என்கிற அளவு அது. பிட்ச் கூடினால் வேகம். ஆனால், ஒவ்வொரு சுற்றுக்கும் மோட்டார் மூச்சுப் பிடிக்க வேண்டும். எடை ஏறினால் திணறிவிடும். பிட்ச் குறைந்தால் வேகம் கொஞ்சம் கம்மி. ஆனால், ஆளை ஏற்றிக்கொண்டு அலுங்காமல் தண்ணீர்மேல் எழும்பும். எது சரி? அது போகிற ஆட்களைப் பொறுத்தது.

“அப்ப இத ஏன் எனக்குக் குடுத்தீக?” என்று என் கணவர் கொஞ்சம் சூடாகக் கேட்டார்.

காஜா அண்ணன் விடுவாரா? “நல்லாருக்கே கத! வேகமா வேணும்னு சொன்னீக. எத்தன பேரு போவீகன்னு கேட்டேனா இல்லையா? ஒத்த ஆளுதான், எப்பவும் ஒத்த ஆளுதான்னு சொன்னீகளே சார். ஒத்த ஆளுக்கு அதுதான் சரியான காத்தாடி.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

எப்பவும் ஒத்தை ஆளு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய நட்டு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியூர்க் கடையில், மூன்றாவது மனிதர் முன்னால் அழக் கூடாது என்று ஒரு வைராக்கியம்.

என் கணவர்தான் பேசினார். மெதுவாக.

“நீ வருவேன்னு நான் நெனக்கலையே.”

“கேட்டீகளா?”

“முன்னாடி எத்தன வாட்டி சைட்டுக்குக் கூப்புட்டேன்? காத்தாடி மேல ஏறி நின்னு பாத்தா மலை பூராவும் தெரியும், உனக்குக் காட்டணும்னு கெடந்தேன். உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், பரீட்ச இருக்கும், பிள்ளைக்குக் காச்சலா இருக்கும். வர முடியாதுன்னு எனக்கே தெரியும். அப்பறம் கூப்புடுறதையே விட்டுட்டேன். அந்தப் பழக்கத்துல... யாரு கேட்டாலும் ஒத்த ஆளுன்னுதான் வாயில வருது.”

அந்தப் பழக்கத்தில்! நான் என்னவெல்லாமோ நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். மனிதர் என்னை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, கடைசியில் கேட்பதற்கே மறந்துபோயிருக்கிறார். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதுதானே நடக்கிறது? அவர் வரமாட்டார் என்று இவள் நினைக்க, இவள் வரமாட்டாள் என்று அவர் நினைக்க... இரண்டு பேரும் மரியாதையாக ஒதுங்கி ஒதுங்கியே வயதாகிவிடுகிறது.

காஜா அண்ணன் நல்ல மனிதர். அதுவரை எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போயிருந்தவர், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். “ரெண்டு பேருக்கு இதுதான். பிட்ச் கம்மி. நாலு எலை.” காத்தாடியின் இறக்கைக்கு அவர்கள் சொல்கிற பெயர் இலை.

“நாலா?” என் கணவர் பெட்டியை வாங்கவே இல்லை. “நானும் இத்தன வருஷமா காத்தாடி பாத்தவன். ஒலகத்துல எந்தக் காத்தாடிக்கும் மூணு எலைதான் பாய்!”

“அந்தக் காத்தாடியக் காத்து சுத்தும் சார். இத மோட்டாருல்ல சுத்தணும்? ஆளு ஏறுனா தண்ணியப் புடிக்க இன்னொரு எலை வேண்டாமா?”

“அவுக கெடக்காக, நீங்க நாலையே குடுங்கண்ணே” என்றேன்.

என் கணவர் அதைக் கையில் வாங்கினார். ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். நாலாவது இலைக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன்” என்றார் காஜா அண்ணன். “இத மாட்டிக்கிட்டு ஒத்தையில போயி முழுசாத் திருகிறாதீக. செமையில்லாம மோட்டார் சுத்து எகிறிரும், கெட்டுப் போகும். அந்த ஒத்த ஆளு காத்தாடியும் உங்ககிட்டயே இருக்கட்டும். தனியாப் போற அன்னைக்கு அத மாத்திக்கங்க. பத்து நிமிச வேலதான்.”

என் கணவர் காருக்குப் போனார். டிக்கியைத் திறந்து, கழற்றிக் கொண்டுவந்திருந்த அந்தப் பளபளப்பான மூன்று இலைக் காத்தாடியைத் தூக்கி வந்தார். கடை மேஜைமேல் வைத்தார்.

“இத வச்சு நான் என்ன பண்ண? யாராச்சும் ஒத்த ஆளு வந்தா குடுத்துருங்க பாய்.”

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் பக்கத்து ஆண்கள் கொஞ்சிப் பேசுவது இதற்கு மேல் இருக்காது. எனக்கு இதுவே போதும். போதும் என்ன போதும்... காரில் ஏறியதும் கம்பம் வரைக்கும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். “ஏசி வேணும்னா கொறைக்கவா?” என்று கேட்டார், பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுக் காத்தாடியோடு போனோம். மூக்கு ஒரு நொடி மேலே பார்த்தது. நான் பயந்துபோய் முன்னால் தள்ளி உட்காரப் போனேன். “இரு, இரு, அங்கனயே இரு” என்றார். மோட்டார் சத்தம் மாறியது. மூக்கு இறங்கியது. படகு எழும்பி ஓட ஆரம்பித்தது. தனியாகப் போகும்போது இருந்த வேகம் இல்லைதான். யாருக்கு வேணும் அது? சேலையெல்லாம் நனைந்து, தலை கலைந்து, நான் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்திருக்கும்.

நடுவில் மோட்டாரை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிட்டோம். மீன் ஒன்றும் மாட்டவில்லை. தூண்டிலே போடவில்லையே, எப்படி மாட்டும்? அவர் சைட்டைப் பற்றிப் பேசினார். அந்தக் காத்தாடி உச்சியில் நின்றபோது மேகமலை எப்படித் தெரியும் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் போகிறோம். இந்த ஞாயிறு மட்டும் எனக்குக் காய்ச்சல். “நீங்க மட்டும் மெதுவாப் போய்ட்டு வாங்களேன்” என்று சொல்லிப் பார்த்தேன். “சுத்து எகிறிரும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். எனக்காக ரசம் வைத்துக்கொண்டு வந்தார்.

உப்பைத்தான் நாலு பேருக்குப் போட்டுவிட்டார்.