நானாவைத் தாண்டாத பந்து

பள்ளி டீமுக்கென்று வாங்கிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு மகன் கூடத்துச் சிமெண்டுத் தரையில் தடதடவென்று நடக்கிறான். அந்தச் சத்தத்தில் நான் மறுபடி பத்து வயதுச் சிறுமி.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். என் அண்ணனுக்கு, நாங்கள் நானா என்போம், மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் ஃபுட்பால் ஆடுவதற்கென்றே வேலை கிடைத்தது. நானா பேக், கோலுக்கு முன்னால் நின்று மறிப்பவர். ஆனால் கருக்களாச்சேரிக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர். பூட்ஸ் போட்டுத் திரும்பினாலே விழுந்தார்.

அதனால் தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் ஆட்டம். நான் பந்தை அடுப்படி வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும், அவர் மறிக்க வேண்டும். குதிகால் தோலுரிந்து ரத்தம் கசியும். உம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டே, "கழட்டி எறிடா அதை" என்பார்.

"அங்க பூட்ஸ் இல்லாம எறக்க மாட்டாங்க உம்மா" என்று நானா மறுபடி கயிற்றை இறுக்குவார்.

ஒரு மாதம் ஆடியும் ஒரு தடவைகூட என்னால் தாண்ட முடியவில்லை. அவர் கிளம்பும் நாளில் அழுதேவிட்டேன்.

"எனக்கு ஒரே ஒரு கோல் விட்டா என்ன நானா?"

"ஒனக்கு விட்டுப் பழகினா அங்கயும் விட்டுடுவேன் புள்ள."

பதினோரு வருஷம் அந்தக் கம்பெனிக்கு ஆடினார்.

மகன் பந்தோடு வருகிறான். "உம்மா, வழி விடுங்க."

அடுப்படி வாசலில் காலை அகட்டி நிற்கிறேன். "முடிஞ்சா தாண்டிப் போ."